மரத்துல பட்டதுக்கு அடுத்த த்ரோ

தங்கச்சி, ஆப்ளிங்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உன் பையில இருக்கிற டிஸ்க்ல பாதியை எடுத்து வீட்டுல வச்சிடு. இதுவரைக்கும் நீ ஆடினதெல்லாம் திறந்த புல்வெளியில. அங்க முழு பலத்தோட வீசி, கை கொஞ்சம் கோணினாலும் டிஸ்க் புல்லுலதான் விழும். நடந்து போய் எடுத்துக்கலாம். ஜார்ஜியா பைன் காட்டுல அந்தக் கொஞ்சம் கோணலுக்குக் குறுக்க ஒரு மரம் நிக்கும். அதனால தூரத்துக்காக நீ வாங்கி வச்சிருக்கிற வேக டிரைவர்கள் அங்க பெருசா உதவாது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ரெண்டு வரி. டிஸ்க் கோல்ஃப்ல பந்துக்கும் மட்டைக்கும் பதிலா ஒரு பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலா கம்பத்துல சங்கிலி தொங்கற கூடை. முதல் த்ரோ வீசற டீயிலிருந்து கூடை வரைக்கும் எத்தனை த்ரோங்கிறதுதான் கணக்கு. குறைவா எடுத்தவங்க ஜெயிப்பாங்க.

அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்து ஆப்ளிங் ஊர்ல வைல்ட்வுட் பார்க்குக்குள்ள இன்டர்நேஷனல் டிஸ்க் கோல்ஃப் சென்டர் இருக்கு. 2007-ல திறந்தது. இந்த ஆட்டத்துக்கு விதி எழுதற பிடிஜிஏ சங்கத்தோட தலைமையகமும் அங்கேயேதான். சுத்தி மூணு கோர்ஸ். அதுல நீ போறேன்னு சொன்ன டபிள்யூ. ஆர். ஜாக்சன் கோர்ஸ்தான் கடினமானது. 2022-ல முதல் பிடிஜிஏ சாம்பியன்ஸ் கப் அங்கதான் நடந்தது. ஆண்கள்ல கிறிஸ் டிக்கர்சனும் பெண்கள்ல எஸ்டோனியாவைச் சேர்ந்த கிறிஸ்டின் டாட்டாரும் ஜெயிச்சாங்க. அந்தப் போட்டி வீடியோவைப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாரு. அவங்க எவ்வளவு தூரம் வீசறாங்கன்னு பார்க்காதே. ஒவ்வொரு ஹோல்லயும் முதல் த்ரோ எந்த இடத்துல போய் நிக்குதுன்னு மட்டும் கவனி. ரெண்டாவது த்ரோவுக்கு வழி திறந்திருக்கிற இடமாப் பார்த்து நிறுத்தறதுதான் காட்டு ஆட்டத்துல பாதி வேலை.

இப்ப பை. டிஸ்க்குல போட்டிருக்கிற நாலு எண்ணும் உனக்குத் தெரியும்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசி இழுப்பு. டெஸ்ட்ராயர்ங்கிற டிரைவருக்கு 12, 5, -1, 3. அந்த 12-க்கு வேண்டிய கை வேகத்தை நீ கொடுக்காட்டா அது சீக்கிரமே இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போய் மரத்துல முடியும். பஸ்ங்கிற வேகம் குறைஞ்ச டிஸ்க்குக்கு 5, 4, -1, 1. பாதி பலத்துக்குக்கூட நேராப் போகும். ரெண்டு பஸ் எடுத்துக்கோ, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. நேர்வழி நீளமா இருந்தா லெப்பர்ட், அது 6, 5, -2, 1. வளைஞ்சு முடியணும்னு கண்டிப்பா தெரியற இடத்துக்கு ஒரு ஃபயர்பேர்ட், அது 9, 3, 0, 4. புட்டர் ரெண்டு; கூடைக்கு ஒண்ணு, டீயிலிருந்து வீச ஒண்ணு. 200 அடி ஹோலுக்கு டீயிலயே புட்டரை எடுக்கத் தயங்காதே. காட்டுல புட்டர் மாதிரி சொன்ன பேச்சு கேட்கிற டிஸ்க் வேற இல்ல.

நிறம் முக்கியம். தரை முழுக்கக் காய்ஞ்ச பைன் ஊசி, செம்பழுப்பா இருக்கும். ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு டிஸ்க் விழுந்தா கண்ணுக்கே தெரியாது. பளீர்னு இருக்கிற ரோஜா நிறமும் வெளிர் நீலமும் தூரத்திலிருந்தே தெரியும். பின்பக்கத்துல பேரும் போன் நம்பரும் மார்க்கர் பேனால எழுதி வை.

டீயில நின்னதும் எல்லாரும் பண்றது மரத்தைப் பார்க்கறது. நீ இடைவெளியைப் பாரு. அதுலயும் ஒரு கணக்கு இருக்கு, இதை மனசுல வாங்கிக்கோ. 10 அடி அகலமுள்ள ஒரு இடைவெளி உன்கிட்டேயிருந்து 30 அடியில இருந்தா, உன் கைக்கு ஏறக்குறைய 19 டிகிரி சுதந்திரம் கிடைக்கும். அதே இடைவெளி 100 அடியில இருந்தா 6 டிகிரிகூடக் கிடையாது. ரெண்டு வழி தெரியும்போது, குறுகலான வாசல் கிட்டக்கவும் அதைத் தாண்டினா விரிஞ்ச இடமும் இருக்கிற வழியை எடு. முன்னால விரிஞ்சு தூரத்துல குறுகற வழி பார்க்க அழகா, சுலபமாத்தான் தெரியும். அதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. இடைவெளியைத் தேர்ந்தெடுத்ததும், அதுக்கு அப்பால நேர்க்கோட்டுல ஒரு தனி அடையாளம் பிடி: ஒரு மரத்துல உரிஞ்ச பட்டை, ஒரு வெளுத்த கிளை. அந்த ஒரு புள்ளிக்கு வீசு.

டீயோட நடுவுலதான் நிக்கணும்னு எந்த விதியும் இல்ல. இடது ஓரத்துக்கோ வலது ஓரத்துக்கோ ரெண்டு அடி நகர்ந்து பார், அடைஞ்சிருந்த வழி சில சமயம் திறந்துக்கும். ஓடி வந்து வீசாதே. நின்ன இடத்திலிருந்தோ ஒரே எட்டு வச்சோ வீசு. முக்கால் பலம் போதும். டிஸ்க்கோட முன்விளிம்பு மேல தூக்கியிருந்தா அது ஏறி, வேகம் செத்து, இடது பக்கம் சரிஞ்சுடும், அதனால கையை விட்டுப் போறப்ப தட்டையா இருக்கட்டும். நீ வலது கை. பேக்ஹேண்ட்ல வீசினா முடிவுல இடது பக்கம் வரும், ஃபோர்ஹேண்ட்ல வலது பக்கம். வழி வலப்பக்கம் திரும்பினா பேக்ஹேண்டைச் சாய்ச்சு வச்சு வளைக்கப் பார்க்காம ஃபோர்ஹேண்டை எடு. உன் ஃபோர்ஹேண்ட் பலவீனம்னு நீ சொல்லுவே. 150 அடி போனாப் போதும், அந்தத் திருப்பத்துக்கு அது நிறைய.

இவ்வளவும் பார்த்துச் செஞ்சாலும் மரத்துல படும். எல்லாருக்கும் படும். இந்தக் காட்டுல உனக்கு முக்கியமா நான் சொல்ல வந்தது இதைத்தான்: மரத்துல பட்ட த்ரோ உன் கணக்குல ஒண்ணைத்தான் கூட்டும், அதுக்கு அடுத்த த்ரோதான் மூணையும் நாலையும் கூட்டும். டிஸ்க் உள்காட்டுல கிடக்குது, கூடை 180 அடியில தெரியுது, நடுவுல கை அகலத்துக்கு ஒரு சந்து. விட்டதைப் பிடிக்கணும்னு கோபமும் ஆசையும் சேர்ந்து அந்தச் சந்துல விடச் சொல்லும். அங்க நின்னு உன்கிட்டயே ஒரு கேள்வி கேளு: இதே இடத்திலிருந்து பத்து தடவை வீசினா எத்தனை தடவை தப்பிச்சுப் போகும்? ஏழுக்குக் குறைவுன்னு மனசு சொன்னா அந்தச் சந்தை மறந்திடு. பக்கவாட்டுலயோ, கொஞ்சம் பின்னாலயோகூட, கூடைக்குப் போற திறந்த பாதையான ஃபேர்வேக்கு வர்ற அகலமான வழியைத் தேடு. புட்டரை எடுத்து மெதுவா 60 அடி தள்ளி வெளியில வை. அங்கிருந்து கூடைக்கு ஒரு நல்ல த்ரோ, ஒரு புட். மூணு த்ரோவுல முடிக்க வேண்டிய பார் 3 ஹோல்ல 4 ஆகும். அந்த 4 நல்ல ஸ்கோர், தைரியமா எழுதிக்கோ. சந்துல விட்டு ரெண்டாவது மரத்துல பட்டு இன்னும் உள்ளே போனவங்க 6-ம் 7-ம் எழுதறாங்க.

வெளியே வர்ற த்ரோவுக்குத் தனியாப் பயிற்சி வேணும், இதை யாரும் செய்யறதில்ல. வீட்டுக்குப் பின்னால மரத்தடியில, முட்டி போட்டு, தாழ்ந்த கிளைக்கு அடியில புட்டரை விட்டுப் பழகு. நம்ம ஊர்க் குளத்துல ஓட்டாஞ்சில்லைத் தத்தவிடக் குனிஞ்சு வீசுவோமே, தாழ்வான ஃபோர்ஹேண்டுக்கு அதே கைதான். பேக்ஹேண்டுக்கு இடம் இல்லாத இடத்துல அது உன்னைக் காப்பாத்தும். டிஸ்க்கைச் செங்குத்தா நிறுத்தித் தரையில உருட்டிவிடறதும் நல்ல வழிதான், ஆனா வேரும் சருகும் இருக்கிற தரையில அது எங்க திரும்பும்னு சொல்ல முடியாது. தரை சுத்தமா இருந்தா மட்டும் உருட்டு.

விதியும் தெரிஞ்சிருக்கணும், காட்டுலதான் அது அடிக்கடி வேணும். டிஸ்க் விழுந்த இடத்துக்குப் பின்னால 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள உன் கால் ஒண்ணோ முட்டியோ இருக்கணும். இன்னொரு காலை எவ்வளவு வேணும்னாலும் பக்கவாட்டுல நீட்டலாம், ஆனா கூடைக்குக் கிட்ட போகக் கூடாது. மரத்துக்குப் பின்னால மாட்டினவங்களுக்கு இந்தப் பக்கவாட்டு நீட்டல் பெரிய வரம். ரெண்டடி சாய்ஞ்சாலே புது வழி தெரியும். கிளையை ஒடிக்கவோ வளைச்சுப் பிடிக்கவோ கூடாது. கிளைகள் மிகக் குறைவா அசையற மாதிரிதான் நிக்கணும். ஒடிஞ்சு தரையில கிடக்கிற சுள்ளியையும் சருகையும் காலுக்கு அடியிலிருந்து ஒதுக்கலாம். டிஸ்க் மரத்து மேல சிக்கினா நேர் கீழே இருக்கிற இடத்திலிருந்து ஆடு. குளவிக் கூடோ பாம்போ இருந்தா அபராதம் இல்லாமலே பின்னால நகரலாம். வேற எந்தக் காரணத்துக்கும், ஒரு த்ரோ அபராதம் ஏத்துக்கிட்டு, கூடைக்கும் டிஸ்க்குக்குமான அதே நேர்க்கோட்டுல பின்னால வந்து ஆடலாம். முள்ளுக்குள்ள ரெண்டு த்ரோவை வீணாக்கறதுக்கு இந்த ஒண்ணு லாபம்.

தொலைஞ்ச டிஸ்க்கைத் தேட 3 நிமிஷம்தான். கிடைக்கலைன்னா முன்னாடி ஆடின இடத்துக்கே திரும்பி, ஒரு அபராதத்தோட ஆடணும். அதனால குழுவுல ஒருத்தரை முன்னால அனுப்பி, பத்திரமான மரத்துக்குப் பின்னால நிக்கவச்சுப் பார்க்கச் சொல்லு. யார் பக்கமாவது போச்சுன்னா உடனே ‘ஃபோர்’னு கத்து. நீ வீசினதும் முகத்தைத் திருப்பிக்காதே, மனசு எவ்வளவு நொந்தாலும் டிஸ்க் கண்ணுலேருந்து மறையற கடைசி இடம் வரைக்கும் பாரு, அங்க ஒரு மரத்தை அடையாளம் வை. பட்ட சத்தத்துலயும் தகவல் இருக்கு: ‘டொக்’னு கெட்டியாக் கேட்டா அடிமரத்துல பட்டுத் தூரமாத் தெறிச்சிருக்கும். சலசலன்னு கேட்டா இலையில பட்டு நேர் கீழேதான் விழுந்திருக்கும்.

கூடைக்கிட்ட ஒண்ணே ஒண்ணு. 10 மீட்டருக்குள்ள புட் பண்ணினா, விட்டதுக்கு அப்புறம் உடம்பு நிலையா நின்னு காட்டணும், முன்னால விழக் கூடாது. கூடைக்குப் பின்னால சரிவு இருந்தா தொலைவிலிருந்து தாக்காம, கூடைக்கு அடியில மெதுவாப் போட்டு அடுத்ததுல முடி.

உடம்பைப் பத்தி நான் கண்டிப்பாச் சொல்லணும், அம்மாவும் இதைத்தான் முதல்ல கேட்பாங்க. கால் முழுக்க மூடற பேன்ட், நல்ல பிடிப்புள்ள ஷூ. மழைக்கு அப்புறம் அந்தச் செம்மண் களி வழுக்கும், ஈரப் பைன் ஊசியும் வழுக்கும். அந்தப் பக்கத்துல லோன் ஸ்டார்ங்கிற உண்ணி இருக்கு. அது கடிச்சுச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்காம ஒவ்வாமை வந்துடுது. துணியில பெர்மெத்ரின் அடிச்சுக் காயவச்சுட்டுப் போ, தோலுக்கு டீட் கலந்த தைலம். திரும்பி வந்ததும் குளிச்சு, முட்டிக்குப் பின்னால, இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாரு. ஒட்டியிருந்தா முனை மெலிஞ்ச ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழு. எண்ணெய், நெருப்புன்னு எதுவும் வைக்காதே. மூணு மூணு இலையா இருக்கிற பாய்சன் ஐவி செடியைத் தொடாதே. அதுக்குள்ள டிஸ்க் விழுந்தா அந்தச் செடியோட எண்ணெய் டிஸ்க்லயும் துண்டுலயும் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கே வரும். சோப்புப் போட்டு எல்லாத்தையும் கழுவு. கோடை மதியத்துல இடி கேட்டா ஆட்டத்தை நிறுத்திட்டுக் காருக்குள்ள போயிடு. மரத்தடி ஒதுங்கற இடம் கிடையாது.

நேரம் இருந்தா சென்டருக்குள்ள இருக்கிற எட் ஹெட்ரிக் நினைவு மியூசியத்தைப் பாரு. 1975-ல கலிஃபோர்னியா ஓக் குரோவ்ல முதல் நிரந்தர கோர்ஸை அமைச்சவர் அவர்தான். சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்பு. 2002-ல இறந்ததும் அவர் ஆசைப்படியே அஸ்தியை பிளாஸ்டிக்ல கலந்து டிஸ்க்கா வார்த்தாங்க. இந்த ஆட்டத்து மேல அவ்வளவு பற்று வச்சிருந்த மனுஷன் இருந்தாருங்கிறது எனக்கு எப்பவும் மனசை நெகிழவைக்கும்.

ஸ்கோர் கார்டுல மொத்தம் எவ்வளவுன்னு எனக்கு வேண்டாம். மரத்துல பட்ட ஒவ்வொரு ஹோலுக்கும் பக்கத்துல, அடுத்த த்ரோ ஃபேர்வேக்கு வந்துச்சா இல்லையான்னு ஒரு டிக்கோ பெருக்கல் குறியோ போட்டு அனுப்பு. பெருக்கல் குறி எந்தப் பக்கத் திருப்பத்துல அதிகமா வருதுன்னு பார்த்துட்டு, அடுத்து ஃபோர்ஹேண்டைப் பழகணுமா, முட்டிபோட்டு விடறதைப் பழகணுமான்னு சொல்றேன்.