நாயும் ஆடும் கூட்டாளியானால்

போன மாதம் குழாய்த் தண்ணீர் விசயமாக மேல் டிவிசன் லயங்களுக்குப் போயிருந்தோம். தொங்கல் வீட்டு இஸ்தோப்பில் சாக்கு மேல் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆட்டுக்குட்டி. குட்டியின் முதுகில் சுருண்டபடி ஒரு பூனை. படுக்க இடம் கிடைக்காத கோழி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. "இது மூணும் ஒரு குடும்பங்க ஐயா, எங்களத்தான் வெளிய தள்ளிருச்சு" என்றார் அந்த வீட்டு அக்கா.

நாயும் பூனையும் போல என்று சண்டைக்குத்தானே சொல்லுவோம்? அப்படியிருக்க இதுகள் எப்படி ஒன்றாகின? விடை சின்ன வயதில் இருக்கிறது. நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் தன் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களையெல்லாம் தன் ஆட்களாக எடுத்துக்கொள்ளும். பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இன்னும் குறைவு, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அதற்குப் பிறகு கொண்டுவந்து சேர்த்தால் பழகாது என்றில்லை, ஆனால் பாடுபட வேண்டும். துருக்கியிலும் இத்தாலியிலும் ஆட்டு மந்தை வைத்திருப்பவர்கள் நாய்க்குட்டியைச் சின்னதிலேயே ஆட்டுப் பட்டியில் விட்டு வளர்க்கிறார்கள். அது பெரிதானதும் ஓநாய் வந்தால் ஆடுகளுக்காகச் சண்டைக்கு நிற்கும்.

கோழி, தாரா, வாத்து இனங்களுக்கு இந்தக் காலம் மிகவும் குறுகியது. முட்டையை விட்டு வெளியே வந்த முதல் ஒன்றிரண்டு நாளில் கண் முன்னால் அசைவது எதுவோ அதுதான் அம்மா. ஒஸ்திரியா நாட்டு விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ் இதை ஆராய்ந்தவர். அவர் கையில் பொரித்த காட்டு வாத்துக் குஞ்சுகள் அவரையே அம்மா என்று நினைத்து வரிசையாகப் பின்னால் நடந்தன. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீடுகளில் அடைக்கோழிக்குத் தாரா முட்டை வைக்கிறோமே, அதுவும் இதே கதைதான். கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது. முதலில் பொரித்த கோழிக்குஞ்சுகளோடு தாய் எழும்பிப் போய்விடும், தாரா முட்டை குளிர்ந்து கெட்டுப்போகும். சரியாக வைத்தால் குஞ்சுகள் கோழியின் பின்னாலேயே திரியும், கான் கண்ணில் படும்வரை. அங்கே தண்ணீரைப் பார்த்ததும் பொத்துப் பொத்தென்று விழுந்து நீந்தும். கோழியோ கரையில் நின்று கத்திக் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படம் வேண்டாம். ஆனால் நம்முடைய குளிரில் சின்னக் குஞ்சு நனைந்து விறைத்தால் செத்துவிடும், முதல் சில வாரம் கான் பக்கம் விடாதீர்கள்.

மாட்டு முதுகில் மைனா உட்காருவதையும் சிநேகிதம் என்கிறோம். அது வயிற்றுப்பாடு. பூச்சி உள்ளவரை உறவு.

ஆட்டின் விசயம் வேறு. ஆடு கூட்டமாக வாழும் பிராணி. தனி ஆடாக வளர்த்தால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் சரியாக எடுக்காது. துணைக்கு இன்னோர் ஆடு இல்லாத வீட்டில் அது நாயைத் துணையாக்கிக்கொள்ளும். தொங்கல் வீட்டில் நடந்ததும் அதுதான்.

இதைப் பார்த்தபோது எங்களுக்குச் சில வருடங்களுக்கு முன் கீழ் டிவிசனில் நடந்தது ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே மாதிரி ஒரு நாயும் ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆடு புல்லுக்குப் போனால் நாயும் போகும். ஒருநாள் அந்த நாய் ஆட்டின் காதைக் கடித்துவிட்டது. சின்னக் காயம்தான். "கூட்டாளிங்களுக்குள்ள சண்டை" என்று வீட்டார் சிரித்தார்களாம். அடுத்த நாள் நாயைக் காணவில்லை, திரும்பி வரவேயில்லை. யாரும் தேடவுமில்லை.

ஒரு மாதம் கழித்து ஆடு குரல் மாறிக் கத்தத் தொடங்கியது. வாயில் எச்சில் நூலாக வடிந்தது, தண்ணீரை விழுங்க முடியவில்லை. தொண்டையில் முள் மாட்டிவிட்டது என்று நினைத்த வீட்டுப் பாட்டி வாயைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தேடியிருக்கிறார். முப்பது வருடம் கொழுந்து எடுத்த கை. வெடிப்பும் கீறலும் இல்லாத விரல் அதில் ஏது? செய்தி கேட்டு நாங்கள் போனபோது பாட்டி அந்தக் கையாலேயே எங்களுக்குத் தேத்தண்ணி நீட்டினார்.

அது விசர் நோய். நாய்க்கு மட்டும்தான் வரும் என்று பலரும் நினைக்கிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூனைக்கும் வரும், எச்சில் வழியாகப் புண்ணில் ஏறும். அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து கிடையாது, மிருகமானாலும் மனிதரானாலும். அதற்கு முன்னால் ஊசி போட்டால் தப்பலாம். பாட்டியின் கையைக் குழாயில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "நான் கடி வாங்கலியே தம்பி, எனக்கு எதுக்கு ஊசி?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். ஊசிகளை ஒன்று தவறாமல் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆடு மூன்றாம் நாள் செத்தது.

அந்த நாய்தான் முதலில் சொல்லியிருக்கிறது. கூடப் படுத்த ஆட்டை ஒரு நாய் காரணமில்லாமல் கடித்தால், சாதுவான பூனை திடீரென்று சீறினால், எச்சில் வடிந்தால், அதைச் சண்டை என்று விடாதீர்கள். கிட்டப் போகாமல் கட்டியோ அடைத்தோ வைத்து, பி.எச்.ஐ. ஐயாவுக்கோ மிருக வைத்தியருக்கோ எங்களுக்கோ சொல்லி அனுப்புங்கள். மாடோ ஆடோ விழுங்க முடியாமல் நின்றால் வாய்க்குள் கைவிட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொங்கல் வீட்டு அக்காவிடம் நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டோம். உள்ளே போய்ப் பிள்ளையின் கிளினிக் காட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்த நாயின் காட்டை எடுத்துவந்து காட்டினார். இந்த வருடத் திகதி இருந்தது. பூனைக்கு? "பூனைக்கும் போடணுமாங்க ஐயா?" என்றார். போட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த தடவை ஊசி போட வரும்போது அந்தப் பூனையை ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.