நேரம் தவறாமல் வரும் தலைவலியா? செல்போனில் குறித்து வையுங்கள்

தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே பக்கக் கண்ணைச் சுற்றிக் குடைவது போல் வலிக்கிறதா? அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடிகிறதா? அந்தப் பக்க மூக்கும் அடைக்கிறதா? அப்படியானால் அது 'கிளஸ்டர் தலைவலி'யாக இருக்கலாம். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது.

காஞ்சிபுரத்தில் நாள் முழுக்கத் தறியில் குனிந்து பட்டிழையையும் ஜரிகையையும் பார்ப்பவர்களுக்கு, "கண்ணாடி மாத்தினா சரியாயிடும்" என்று தோன்றுவது இயல்பு. சைனஸ், பல்வலி என்று நினைத்து அலைபவர்களும் உண்டு. வித்தியாசம் இதுதான்: கண் களைப்பால் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார். கிளஸ்டர் வலியோ தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும். படுக்க விடாமல் நடக்க வைக்கும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். சில வாரங்கள் தொடர்ந்து வந்து, பிறகு பல மாதங்கள் காணாமல் போகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், சாப்பிட்ட மாத்திரை ஆகியவற்றைச் செல்போனில் குறியுங்கள்.
2. வலியின்போது கண் சிவந்திருப்பதை வீட்டாரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது வலி இருக்காது, வீடியோதான் பேசும்.
3. இவற்றை அரசு மருத்துவமனையில் காட்டி, நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசலாம். சந்தேகங்களுக்கு 104.

சிகிச்சை உண்டா?

உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரை வேலை செய்வதற்குள் வலியே அடங்கிவிடும். அட்டை அட்டையாக விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் தூய ஆக்ஸிஜனை 15 நிமிடம் சுவாசித்தால் பலருக்கு வலி தணிகிறது. சுமாட்ரிப்டான் ஊசியும் உதவும்; இதய நோயாளிகளுக்கு அது ஆகாது. வலி வராமல் தடுக்க வெராபமில் தரப்படும். அதற்கு ஈசிஜி பார்ப்பது அவசியம். எதையும் டாக்டர் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஆக்ஸிஜன் அருகே விளக்கு, அடுப்பு, பீடி கூடவே கூடாது. வலி வரும் வாரங்களில் மதுவைத் தொடாதீர்கள். அது வலியைத் தூண்டும்.

உடனே உதவி தேவை

திடீரென்று இதுவரை இல்லாத கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். வலி தாங்காமல் உயிரை விடும் எண்ணம் வந்தால் மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.