வடிசாலைக் கழிநீரை எரிக்கும் உலையும் அதன் சாம்பலும்

சர்க்கரை ஆலையை ஒட்டி எரிசாராய வடிசாலை நடைபெறும் ஊர்களில், அவ்வடிசாலையின் கழிநீரே குடியானவர்களின் முதற் கவலையாக இருந்து வருகிறது. வாய்க்கால் ஜலம் கறுத்தது, கிணற்று ஜலம் கஷாயம் போல் நிறம் மாறிற்று, ஏரியில் மீன் மிதக்கிறது என்னும் முறையீடுகள் முதலில் வந்து சேருவது கிராம அதிகாரிகளிடமேயாகும். இக்கழிநீரை வெளியே விடாமல் சுண்டவைத்து, உலையிலிட்டு எரித்துச் சாம்பலாக்கும் முறை இப்போது பல வடிசாலைகளில் கைக்கொள்ளப்பட்டிருக்கிறது. அவ்வுலை எவ்வாறு அமைய வேண்டும், எவ்விடத்தில் பழுதுபடும், பழுதுபட்டால் ஊருக்கு நேர்வது யாது என்பவற்றை நிலமுடையோர் அறிந்திருத்தல் நலம். உலையின் சாம்பல் உரமாக நிலத்துக்கே திரும்பி வருதலால், இவ்விஷயம் விவசாயத்துக்குப் புறம்பானதும் அன்று.

கழிநீரின் தன்மை

சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். அதனை ஜலத்தில் கரைத்து, ஈஸ்டு சேர்த்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால், சாராயம் ஆவியாய்ப் பிரிந்துபோக, கருஞ்சிவப்பான புளித்த நீர் அடியில் நிற்கும். ஆலையில் உள்ளோர் இதனை ஸ்பெண்ட் வாஷ் என்பர். சாராயம் ஒரு லிட்டருக்கு இது 8 முதல் 15 லிட்டர் வரை உண்டாகும். ஆகவே நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் சாராயம் வடிக்கும் ஓர் ஆலை, குறைந்த பட்சம் 8 லட்சம் லிட்டர் கழிநீரை நாள்தோறும் வெளிப்படுத்துகிறது.

இதில் கலந்துள்ள அழுகும் பொருள்கள் அழுகி ஒழிவதற்கு, லிட்டர் ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் வரை பிராணவாயு வேண்டும். நல்ல ஆற்று ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயுவோ லிட்டருக்கு 7 அல்லது 8 மில்லிகிராமே. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் கழிநீர் ஏறக்குறைய 6,000 லிட்டர் ஆற்று ஜலத்தின் பிராணவாயு முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. மீன் சாவதற்கு வேறு விஷம் தேவையில்லை.

இனி, அதிலுள்ள உப்புகளைக் கவனிக்க வேண்டும். கரும்பு நிலத்திலிருந்து சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷை, மிகுதியாக இழுக்கும் பயிர் என்பது யாவரும் அறிந்ததே. சாறோடு ஆலைக்கு வந்த அச்சத்து சர்க்கரையில் சேர்வதில்லை, மொலாசஸில் தங்கிவிடுகிறது. சாராயத்தோடும் அது போவதில்லை, கழிநீரிலேயே நிற்கிறது. குடியானவர் விலை கொடுத்து வாங்கியிட்ட உரமே இவ்வாறு சுற்றி வந்து, கவனியாது விடப்பட்டால் அவருடைய கிணற்றையே உப்பாக்குகிறது.

ஆறு குளங்களில் கழிநீர் சிறிதும் விழலாகாது என்னும் கட்டுப்பாடு, 2003 ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வகுத்த பொறுப்புச் சாசனத்தின் வாயிலாக வடிசாலைகளுக்கு ஏற்பட்டது. கழிநீரிலிருந்து எரிவாயு எடுத்தபின் அதைச் சர்க்கரை ஆலையின் வண்டலோடு கலந்து மட்கவைத்தல் ஒரு வழி. அதற்குப் பரந்த களமும் நல்ல வெயிலும் வேண்டும். மழைக்காலத்தில் களம் நனைந்து வழிந்தோடும் குறை அதற்குண்டு. பெரிய வடிசாலைகள் எரிக்கும் முறையை நாடினமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எரிக்கும் முறை முற்றிலும் புதியதன்று. பிரான்ஸ் தேசத்தில் பீட்ரூட் மொலாசஸிலிருந்து சாராயம் வடித்தோர், 19 ஆம் நூற்றாண்டிலேயே கழிநீரைக் காய்ச்சி எரித்துப் பொட்டாஷ் எடுத்து விற்றனர். டுப்ரன்ஃபோ என்னும் ரசாயன சாஸ்திரி அதற்கு வழி காட்டியவர்களுள் முதன்மையானவர். போரியோன் என்பவர் அமைத்த உலையில், நெருப்பிலிருந்து வரும் சூடான புகை கழிநீர்த் தொட்டியின்மேல் செல்லும். சுழலும் துடுப்புகள் நீரை வாரியிறைத்துத் துளியாக்கிப் புகையில் உலர்த்தும். ஜெர்மனியின் ஸ்டாஸ்பர்ட்டில் 1861 இல் பொட்டாஷ் சுரங்கத் தொழில் தொடங்கும் முன்னர், சாம்பலே பொட்டாஷுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தது. ஆதலால் அக்காலத்தில் அச்சாம்பலுக்கு நல்ல மதிப்பு.

முதலில் ஜலத்தை நீக்குதல்

வெல்லம் காய்ச்சுவோர் ஈரச் சக்கையை அடுப்பில் இடுவதில்லை. களத்தில் காயவைத்தே இடுகின்றனர். ஈரச் சக்கை புகையுமேயன்றிக் கொழுந்து விடாது. கழிநீர் உலையின் முதல் விதியும் இதுவே.

உத்தேசமாக ஒரு கணக்கு. 100 கிலோ கழிநீரில் 12 கிலோ திடப்பொருளும் 88 கிலோ ஜலமும் இருப்பதாகக் கொள்வோமாயின், திடப்பொருள் கிலோ ஒன்றுக்குச் சுமார் 3,000 கிலோகலோரி வீதம் எரிந்து தரும் உஷ்ணம் 36,000. ஜலம் ஒரு கிலோவைக் காய்ச்சி ஆவியாக்கச் சுமார் 610 வேண்டும். 88 கிலோவுக்கு 53,000க்கு மேலாகிறது. வரவு 36,000, செலவு 53,000. நட்டக் கணக்கு. இந்நீரை நேரே நெருப்பில் தெளித்தால் நெருப்பு அவியுமே ஒழிய நீர் எரியாது. இதையே திடப்பொருள் 60 பங்கு ஆகும்வரை சுண்டவைத்தால், 12 கிலோ திடப்பொருளோடு 8 கிலோ ஜலமே நிற்கும். அதை ஆவியாக்க 5,000க்கும் குறைவாகவே செலவாகும். மீதி உஷ்ணம் நீராவி உண்டாக்கப் பயன்படும்.

எஞ்சிய 80 கிலோ ஜலத்தை நீக்கவும் உஷ்ணம் வேண்டாமோ எனின், வேண்டும். ஆனால் அங்கே ஒரு சிக்கன உபாயம் உண்டு. ஆவியாக்கும் கலங்கள் ஐந்தைத் தொடராக வைத்து, முதற் கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே இரண்டாவதைக் காய்ச்சி, அதன் ஆவியால் மூன்றாவதை என்று, கலத்துக்குக் கலம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கிலோ நீராவியால் நான்கு அல்லது ஐந்து கிலோ ஜலம் நீங்கும். சர்க்கரை ஆலையில் சாறு சுண்டுவதும் இவ்வகையிலேயே.

சுண்டிய கழிநீர் கெட்டித் தேன் போன்றது. சூடு ஆறினால் குழாயில் உறைந்து நின்றுவிடும். ஆகவே தொட்டியும் குழாயும் எப்போதும் சூடாக இருக்க வேண்டும். எரிவாயு எடுத்தபின் விடப்படும் கழிநீரில் எரியும் பொருள் பெரிதும் குறைந்துவிடுவதால், அது உலைக்கு ஏற்றதன்று. எரிப்பதாயின் வாயு எடுக்காததையே எரிப்பது நலம்.

உலையின் அமைப்பு

சுண்டிய நீர் தனியே எரிந்து நிற்பது அரிது. நெருப்பை நிலைநிறுத்தக் கரும்புச் சக்கையோ, நெல் உமியோ, நிலக்கரியோ துணையாக வேண்டும். உலையின் அடியில் மெல்ல நகரும் இருப்புத் தட்டின்மேல் துணை எரிபொருள் எரிந்துகொண்டிருக்க, பக்கச் சுவர்களில் பொருத்திய தெளிகுழல்கள் நீராவியின் வேகத்தால் கழிநீரைத் துளிகளாக உள்ளே வீசும். துளிகள் மிகப் பெரியனவாயின் ஈரமாகவே தட்டில் விழுந்து நெருப்பை மூடும். மிக நுண்ணியனவாயின் எரிந்து முடியுமுன் புகையோடு மேலே போய்க் குழாய்களில் ஒட்டும். தட்டின் கீழிருந்து ஒரு பங்கு காற்றும், நெருப்பின் மேற்புறத்தில் வேகமாய்ப் பாயும் மற்றொரு பங்கு காற்றும் செலுத்த வேண்டும். மேற்காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை தோன்றும்.

இத்துணையும் சாதாரண உலைக்கும் ஓரளவு பொருந்துவனவே. இவ்வுலையை மற்றவற்றினின்று பிரிப்பது அதன் சாம்பல். விறகுச் சாம்பலைப் போல் அது பொடியாகவே உதிர்ந்துவிடுவதில்லை. அதிலுள்ள பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரி சென்டிகிரேடில் உருகும். சல்பேட்டோடு கலந்தபோது 700க்கும் கீழேயே உருகத் தொடங்கும். உலையின் உஷ்ணமோ 850க்கும் மேல். ஆகவே சாம்பல் உருகி, பிசின்போல் பறந்து, குளிர்ந்த இடம் எதுவாயினும் அங்கே ஒட்டி இறுகும். கொதிகலனின் நீர்க்குழாய்கள் நெருக்கமாக இருந்தால், சில நாட்களிலேயே இடைவெளி அடைபட்டுப் புகை செல்ல வழியின்றி உலை நின்றுவிடும். சாதாரணச் செங்கற் சுவரையும் இவ்வுப்புகள் அரித்துக் கண்ணாடிபோல் இளகச் செய்யும்.

காகித ஆலைகளில் மரக்கூழ் எடுத்த கருநீரை எரிக்கும் உலை ஒன்று உண்டு. 1930களில் கானடா தேசத்தில் டாம்லின்சன் என்பவர் அமைத்த வகை அது. அதிலே சாம்பல் உருகுதலே வேண்டப்படுவது. உருகிய உப்பு அடிவாயால் ஓடிவர, அதைக் கரைத்து மீண்டும் கூழெடுக்கப் பயன்படுத்துவர். வடிசாலை உலையிலோ அது குழாய்க் கூட்டத்தின் நடுவே உருகிய நிலையில் இருக்கலாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஒன்றன் அமைப்பை மற்றொன்றுக்குக் கொள்வது தவறு.

சரியான அமைப்பில் உலை உயரமாகவும் விசாலமாகவும் இருக்கும். நெருப்புக்கு அடுத்து, குழாய்க் கூட்டமின்றிச் சுவர்கள் மட்டுமே நீர்க்குழாய்களால் ஆன ஒன்றிரண்டு வெற்று அறைகள் நிற்கும். அவற்றின் வழியே ஏறியிறங்கும் புகை சுமார் 600 டிகிரிக்கு ஆறி, உருகிய சாம்பல் தூளாக இறுகியபின்னரே குழாய்க் கூட்டத்தைச் சேரும். அங்கும் குழாய்கள் அகன்ற இடைவெளியோடு தொங்க, சம்மட்டிகள் இயந்திரத்தால் இடைவிடாது தட்டிச் சாம்பலை உதிர்க்கும். குளோரைடு மிகச் சூடான இரும்பை அரிக்குமாதலால், நீராவியின் உஷ்ணத்தையும் அளவோடு வைத்தல் வேண்டும். மாறாக, புகையை மிகவும் ஆறவிட்டால் அதிலுள்ள கந்தகப் புகை திராவகமாகிக் கடைசிக் குழாய்களைத் தின்றுவிடும். இவ்வெற்று அறைகளுக்கு ஆகும் இரும்பும் செலவும் அதிகம். முதலாளிகள் சிக்கனம் செய்ய நினைப்பதும் முதலில் இவ்விடத்திலேதான். அச்சிக்கனத்தின் பலனை அனுபவிப்போர் வேலிக்கு வெளியே உள்ளோர்.

ஏனெனில் உலை நின்றாலும், புளிக்கும் தொட்டியிலுள்ள பாகு நிற்பதில்லை. வடிப்பு நடந்துகொண்டிருக்க உலை மட்டும் மூன்று நாள் நின்றால், மேற்சொன்ன ஆலையில் 24 லட்சம் லிட்டர் கழிநீர் சேர்ந்துவிடும். தேக்கக் குட்டையில் இடமிருந்தால் அது அங்கே நிற்கும். இல்லையாயின் அது செல்லக்கூடிய இடம் எது என்பதை அப்பக்கத்து வாய்க்காலைப் பார்த்து அறியலாம். நன்கு அமைந்த உலையையும் உப்பு கழுவுதற்காக அவ்வப்போது நிறுத்தத்தான் வேண்டும். அந்நாட்களில் வடிப்பையும் நிறுத்துவதே முறை.

புதிய வடிசாலைக்கோ விஸ்தரிப்புக்கோ பொதுஜனக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடைபெறும் இடங்களில், நிலமுடையோர் பொதுவாக எதிர்ப்பதோடு நின்றுவிடாமல் குறித்த சில விஷயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுதல் தகும். கழுவுதற்காக உலை எத்தனை நாளுக்கொரு முறை, எத்தனை நாள் நிறுத்தப்படும்? அந்நாட்களில் வடிப்பு நடைபெறுமா? தேக்கக் குட்டையின் அடியும் கரையும் நீர் கசியாதபடி எதனால் மூடப்பட்டுள்ளன? துணை எரிபொருள் யாது, மழைக்காலத்தில் அது ஈரமாகாமல் எங்கே வைக்கப்படும்? குட்டையின் நாற்புறமும் சோதனைக் கிணறுகள் உள்ளனவா? கிராம அதிகாரிகள் ஆலை தொடங்குமுன்பே சுற்றுக் கிணறுகளின் ஜலத்தைச் சோதிக்கச் செய்து, அச்சீட்டைத் தஸ்தாவேஜில் வைத்திருப்பார்களாயின், பின்னர் வழக்கு நேரும்போது அதுவே முக்கியமான சாட்சியாகும். நிறம் மாறியபின் எடுத்த சோதனையால் முன்னிருந்த நிலையை மெய்ப்பிக்க இயலாது.

சாம்பலின் உபயோகம்

மொலாசஸ் வழியே கிடைக்கும் பொட்டாஷ் உரம், உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் இடம்பெற்றிருக்கிறது. அதில் சாம்பல் சத்து 100க்கு 14.5 பங்குக்குக் குறையலாகாது. மியூரியேட் பொட்டாஷில் 60 பங்கு உண்டு. எனவே ஒரு மூட்டை மியூரியேட்டுக்கு ஈடாக நான்கு மூட்டைக்குச் சற்று மேலாகவே இது வேண்டும். விலையை ஒப்பிடும்போது வண்டிக் கூலியையும் இறைக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுக. நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே வருவதால், கணக்கு ஒத்துவருமிடத்தில் இதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

வாங்கும்போது ஒன்றை விசாரிக்க வேண்டும். உலையின் தட்டிலிருந்து விழும் கட்டிச் சாம்பலும், புகையை வடிகட்டும் இடத்தில் சேரும் மெல்லிய சாம்பலும் ஒரே தரமானவையல்ல. முன்னதில் துணை எரிபொருளின் சாம்பல் மிகுதி; பின்னதில் பொட்டாஷ் மிகுதி. துணை எரிபொருள் நிலக்கரியாயின் வேறுபாடு பெரிது. தட்டுச் சாம்பலைக் கலந்து கொடுத்தால் சத்து குறையும். ஆகவே சத்தளவு அச்சிட்ட மூட்டையையே வாங்குக. குளோரைடும் சல்பேட்டும் இதில் இருத்தலால், உவர் நிலங்களிலும், கிணற்று ஜலம் உப்பான நிலங்களிலும் மண்ணைச் சோதியாமல் இடலாகாது.

இச்சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் இயல்புடையது. ஜலத்தில் எளிதிற் கரையும். ஆலை முற்றத்தில் திறந்தவெளியில் குவித்து வைத்த சாம்பல் ஒரு மழையிலேயே தன் பொட்டாஷை இழந்து, கீழேயுள்ள ஊற்றில் உப்பைச் சேர்க்கும். வீட்டிலும் இதனைத் தரையில் வைக்காமல், கூரையின் கீழ்ப் பலகைமேல் அடுக்கி, ஐப்பசி மழை தொடங்குமுன் இட்டு முடிப்பது நன்று.