மரம் ஏது?

செரங்கெட்டி, பிப்ரவரி

வேலுவுக்கு,

காட்டின் நடுவே கூடாரத்தில் தங்க அச்சமாயில்லையா, மரத்தின்மேல் ஏறிச் சிங்கத்தைப் பார்த்தீர்களா என்று இரண்டு கேள்விகள் எழுதியிருந்தாய். அச்சத்தைப் பற்றியதற்கு விடை எளிது: இருட்டிய பின் அஸ்காரி எனப்படும் காவலர் கைவிளக்குடன் வந்து அழைத்துச் சென்றாலொழிய, இக்கூடார விடுதியில் உணவருந்தச் செல்லவும் எவரும் வெளியே நடப்பதில்லை. மற்றைய கேள்விதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. ஏறுவதற்கு மரம் ஏது?

செரங்கெட்டியின் தென்சமவெளியைக் காடு என்பது வயலைத் தோப்பு என்பதற்கு ஒப்பான பிழை. நம் பத்திரிகைகள் இப்பிழையை ஓயாமல் செய்கின்றன, நீயாவது செய்யாதே.

கிழக்கே நிற்கும் எரிமலைகள், அவற்றுள்ளும் கடவுளின் மலை என்னும் பொருளில் மாசாய் மக்கள் ஓல் தோயின்யோ லெங்காய் என்றழைக்கும், இன்னும் தணியாத மலை, யுகயுகமாக உமிழ்ந்த சாம்பலைக் காற்று சுமந்துவந்து இங்கே பரப்பியது. மழைநீர் அச்சாம்பலின் சுண்ணச் சத்தைக் கரைத்துக் கீழே இறக்க, நீர் வற்றியதும் அது இறுகி, நம் ஊரில் கிணறு தோண்டுவோர் சுக்கான்பாறை என்று அலுத்துக்கொள்வார்களே, அத்தகையதொரு தளமாக மண்ணுக்கடியில் படிந்துவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைக்கமாட்டாது. புல்லுக்கோ மேல்மண்ணே போதும். அப்புல்லில் சுண்ணமும் பாஸ்பரசும் மிகுதியாதலால்தான் மழைக்காலத்தில் வைல்டிபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் இலட்சக்கணக்கில் கன்று ஈன இங்கே வந்து சேர்கின்றன: சாம்பல் புல்லாகி, புல் பாலாகி, பால் கன்றின் எலும்பாகிறது. சிங்கமெல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

கிரிமெக் என்னும் ஜெர்மானியரும் அவர் மகனும் 1958-இல் வரிக்குதிரைபோல் வரிதீட்டிய விமானத்தில் பறந்து இவ்விலங்குகளை எண்ணியதோடு நில்லாமல், அவை எப்புல்லை நாடி அலைகின்றன என்றறியப் புல்மாதிரிகளையும் சேகரித்தார்கள். மகன் மைக்கேல் 1959 ஜனவரியில் அதே விமானம் விழுந்து மாண்டதை அவர்கள் நூலில் படித்த இரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை; அன்று தொட்டே இந்தப் புல்லை நேரில் காணவேண்டுமென்ற தாபம்.

நேற்று உடன் வந்தவர் ஒருவர், சிங்கம் தென்படாமையால் நாள் வீணாயிற்று என்று வருந்தினார். நானோ ஓர் ஓடைக்கரைச் சரிவில், கருமண்ணுக்குக் கீழே வெண்பட்டையாகத் தெரிந்த அச்சுண்ணத் தளத்தைக் கண்ட களிப்பில் அவருக்கு ஆறுதல் சொல்லவும் மறந்தேன்.

இங்கிருந்து கல்லெடுத்துவர அனுமதியில்லை. உங்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் கிடக்கும் சுக்கான்பாறைத் துண்டுகளை நான் வரும்வரை எவரும் அப்புறப்படுத்தாமல் பார்த்துக்கொள்.