என்ஜின் ஜாம் ஆன பழைய எம்ஜிபி: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஒரு கொட்டகையில் 1965ஆம் ஆண்டு எம்ஜிபி திறந்த கார் பல வருடமாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது தோட்டத்துக் கிராணி வாங்கிய வண்டியாம். கிராணி காலமாகிவிட்டார். மகன் 9,000 ரிங்கிட்டுக்குத் தருகிறார். ஆசையில் 1,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது பார்த்தால் என்ஜின் அசையவே இல்லை. ‘ஜாம் ஆகிவிட்டது, இரும்புக் கடைக்குத்தான் போகும்’ என்கிறார் பட்டறை போர்மேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– எஸ்.கே., சிலிம் ரிவர்

பதில்: எஸ்.கே., பதற வேண்டாம். என்ஜின் சுற்றாததுதான் இந்த வண்டிக்கு இருக்கக்கூடிய கோளாறுகளில் ஆகச் சிறியது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதன் 1,798 சிசி என்ஜின் சிக்கலில்லாதது. பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது கெரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்), இரண்டாவது துரு.

என்ஜின் ஏன் ஜாம் ஆகிறது? வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்தபடி இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று புகுந்து, பிஸ்டன் வளையங்கள் (பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள்) சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்கின்றன. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு நாலாம் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். வேறு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய மட்டும் யாரையும் விடாதீர்கள், வளையங்கள் உடைந்துவிடும்.

இனி கெரான். அது இன்னும் கிராணியின் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் மாற்றத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் கைரேகை வைக்க வேண்டும். இறந்தவர் எப்படி வைப்பார்? மகன் முதலில் அமானா ராயா (அரசு அறங்காவல் நிறுவனம்) வழியாகவோ நீதிமன்ற ஆணை வழியாகவோ வாரிசு உரிமை பெற்றாக வேண்டும். அதன் பிறகுதான் புஸ்பாகோமில் பி5 சோதனை (உரிமை மாற்றத்துக்கான சோதனை), ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) எல்லாம். வண்டியிலுள்ள எண்களையும் கெரானோடு ஒப்பிடுங்கள். 1965 எம்ஜிபி திறந்த காரின் சேசிஸ் எண் ‘ஜிஎச்என்3’ என்று தொடங்கும். என்ஜின் பக்கவாட்டில் அறைந்திருக்கும் சிறு தகட்டில் ‘18ஜிபி’ என்று இருக்க வேண்டும். எண்கள் பொருந்தவில்லை என்றால், அதைச் சரிசெய்து தருவது விற்பவர் பொறுப்பு.

அடுத்து துரு. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது. தகட்டு உடல்தான் பாரம் தாங்குகிறது. அதில் முக்கியம் சில் (கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற இரும்புப் பெட்டி). மூன்று அடுக்குத் தகடுகளால் ஆன அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்கு அடியிலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பிறகு ஜாக்கில் வண்டியைக் கொஞ்சம் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு சிக்கினாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம்.

போனாலும் தகடு மாற்றலாம். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. வெல்டிங்குக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மீதி விலையைப் பேசுங்கள். பழைய சில்லை வெட்டுவதற்கு முன், கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து, கதவு சரியாகச் சாத்தவே சாத்தாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. 1965ஆம் ஆண்டு வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். போர்மேன் இன்றைய பழக்கத்தில் எதிர்முனையைக் கொடுத்தால் ஆர்பிஎம் மீட்டர் கெட்டுவிடும். ஹாஃப்-கட் (பழைய கார் பாகங்கள்) கடையில் ஜப்பான் என்ஜின் வாங்கிப் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஜேபிஜே அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்றினால், கெரான் சிக்கல் இன்னொன்று சேரும்; வண்டியின் மதிப்பும் இறங்கும்.

வாங்குவதென்று ஆனால் முதலில் பிரேக், பிறகு உடல், கடைசியில் என்ஜின். நின்ற வண்டியில் பிரேக் ரப்பர்கள் எல்லாம் வீணாகியிருக்கும். மாற்றாமல் முற்றத்தில்கூட ஓட்டாதீர்கள். ஒரேயடியாகக் கழற்றிப் பரப்பவும் வேண்டாம். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வாரிசுப் பத்திரம் வராமல் மீதி 8,000 ரிங்கிட்டில் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மகன் இழுத்தடித்தால் 1,000 ரிங்கிட்டோடு விலகுவது லாபம். பத்திரம் கைக்கு வந்து, காந்தமும் நல்ல சேதி சொன்னால் தைரியமாக வாங்குங்கள். கதவு இடைவெளிகளைப் படமெடுத்து அனுப்பினால், வெல்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.