விதைக்கிழங்கு இறாக்கையும் நெல் மூட்டை அடுக்கும்

வயலிலே பாம்புக்கு அஞ்சுகிறோம். சூடடிக்கும் இயந்திரத்தின் வாருக்கு அஞ்சுகிறோம். நெல்லையும் கிழங்கையும் வைக்கும் களஞ்சியத்துக்கு அஞ்சுவோர் மிகச் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெற்களஞ்சியத்தில் நான் கண்டதைக் கூறுகிறேன். பத்து வரிசை உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளின் நடுவிலிருந்து, தாம் அடையாளமிட்ட சாக்கை உருவித் தருமாறு கமக்காரர் ஒருவர் கேட்டார். அன்றுதான் வேலைக்கு வந்திருந்த தோட்டத்து இளைஞர் மறுப்பின்றி உருவினார். மேலிருந்த மூட்டைகள் சரிந்து அவர் தொடையெலும்பு முறிந்தது. அவ்வாறு செய்யலாகாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அங்கு நின்ற எனக்கும் அது அவ்வேளை தோன்றவில்லை.

மூட்டையை எப்போதும் உச்சியிலிருந்தே எடுத்தல் வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் குழி பறித்தாற்போலன்றி, படிப்படியாக இறங்கி வருமாறு எடுக்க வேண்டும். அடுக்கும்பொழுது கொத்தனார் செங்கல் வைப்பதைப் பின்பற்றுக. ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அமைந்து, கீழுள்ள இரு மூட்டைகளின் பொருத்தின்மேல் மேல்மூட்டை படியவேண்டும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை சற்று உள்ளொடுக்கிக் கட்டுக. சணற்சாக்கைவிடப் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும் தன்மையது. அதனை அத்துணை உயரம் அடுக்கலாகாது. சுவரிலிருந்து இரண்டடி விலகியிருத்தல் நன்று. மூட்டைகளின் பாரம் சுவரைத் தள்ளாது; எலியும் கசிவும் கண்ணிற்படும்.

அடுக்கு சரிவதற்குப் பெரும்பாலும் அடிவரிசையே காரணமாகும். ஈர நிலத்திலே வைத்த சாக்கு உக்கி, நெல் பொதுமி, ஒருபுறம் அமிழும். ஆகவே அரையடி உயர மரச்சட்டங்களின்மேல் அடுக்குக. 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனுள்ள நெல்லை உள்ளே ஏற்றாதீர்.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. மூன்று புசல் கொண்ட சாக்கு 60 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படாதவாறு குறைக்கவேண்டுமெனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. சாக்கை நிரப்பும்போதே குறைத்து நிரப்பலாமே! முதுகு முறிந்தபின் வைத்தியசாலைக்குப் போவதிலும் நாலு சாக்கு மேலதிகமாக வாங்குவது மலிவு.

இனி, வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு செய்வோரின் இறாக்கைகளைக் கவனிப்போம். விதைக்கிழங்கை இருட்டறையில் குவியாமல், பரவலான வெளிச்சம் படும்படி தட்டுகளில் இரண்டு மூன்று கிழங்கு ஆழத்துக்குப் பரப்பி வைத்தால் முளை குட்டையாகவும் உறுதியாகவும் வரும். முறை நல்லது, தாங்கும் மரந்தான் பலவிடங்களில் நல்லதாயில்லை. ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு தொன் விதைக்கிழங்கு வேண்டும். அஃதாவது, ஒரு சிறிய மோட்டார்க் காரின் பாரத்தைத் தலைக்குமேல் ஏற்றி வைத்துவிட்டு, அதன் கீழ் நின்று அழுகற்கிழங்கு பொறுக்குகிறோம்.

இறாக்கையின் கால்கள் வெறும் மண்ணில் ஊன்றி நிற்கலாகாது. தட்டைக்கல்லின் மேலோ கொங்கிரீட்டின் மேலோ நிற்கவேண்டும். நேர்க்கால்களும் நேர்த்தட்டுகளும் மட்டுமே உள்ள சட்டம் பக்கவாட்டில் மடிந்துவிடும். ஆதலின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சலாகை அறைக. உச்சியைக் கூரை தாங்கும் தூணோடு பிணைக்கவேண்டும். மண்சுவரில் அடித்த ஆணியை நம்பவேண்டாம். கீழ்த்தட்டை முதலில் நிரப்பி மேல்தட்டைக் கடைசியில் நிரப்புக. எடுக்கும்போது மேலிருந்து தொடங்குக. மாதமொருமுறை ஒவ்வொரு காலையும் கத்திநுனியால் குத்திப் பாருங்கள். நுனி எளிதில் இறங்கினால் உள்ளே கறையான் உண்டு. அந்த இறாக்கையை அன்றே இறக்கிவிடுக. தட்டில் கால்வைத்து ஏறுவது பொல்லாத வழக்கம், ஏணி வைத்திருங்கள்.

இரும்பு இறாக்கைக்கு இவையெல்லாம் வேண்டா என எண்ணற்க. 2020 ஒக்டோபர் 2ஆம் நாள் பிரேசில் நாட்டின் சாவோ லூயிஸ் நகரிலே ஒரு பெருங்கடையின் உயர்ந்த இறாக்கைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரிந்தன. ஒருவர் மாண்டார், எண்மர் காயமுற்றனர். வண்டி மோதி வளைந்த கால் எத்துணை சிறிய வளைவாயினும் பாரத்தை இறக்கிவிட்டு மாற்றவேண்டியதே.

வேலையாட்களைப் பழக்குவதற்கு அறுவடை நாள் ஏற்றதன்று. லொறி வாசலில் நிற்கும்போது எவரும் செவிகொடார். முதல்நாளே வெறுங்களஞ்சியத்தில் நாலு மூட்டையை வைத்து அடுக்கவும் எடுக்கவும் செய்துகாட்டி, பின்னர் அவர்களையே செய்யச்சொல்லிப் பாருங்கள். சொல்லக் கேட்டவர் தலையாட்டுவார். செய்தவருக்கே கை பழகும். இருசில்லுத் தள்ளுவண்டியைச் சரிவிலே கொண்டுபோகும்போது பாரம் ஆளுக்குக் கீழ்ப்புறமாக இருக்கவேண்டும்: இறங்கும்போது தள்ளுக, ஏறும்போது இழுக்க. நம் மாவட்டத்தில் இது முக்கியம், சமதரை இங்கே அரிது. பாரந்தூக்கும் இயந்திரவண்டி உள்ள களஞ்சியங்களில், முறையாகப் பயின்றவரன்றி வேறெவரும் அதில் ஏறலாகாது. சாவி அவரிடமே இருக்கட்டும்.

மற்றொன்று. பதுளைப் பகுதியில் ஒரே மூட்டையைத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து தூக்குவது வழக்கம். ஆபத்து வேளையில் ஒருவர் "விலகு" என்றும் மற்றவர் "அயின் வென்ன" என்றும் கூவினால் கேட்பவர் ஒரு கணம் திகைப்பார். அந்தக் கணத்தில் மூட்டை விழுந்துவிடும். காலையில் வேலை தொடங்குமுன் இரு சொற்களையும் எல்லோரும் உரக்கச் சொல்லிப் பழகிவிடுக.

இறாக்கை அமைக்குமுன் மரத்தின் அளவையும் தட்டுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள்.