பாட்காஸ்ட் போனுக்கு வரலையா? எந்த ஸ்டேஷனில் நிற்குதுன்னு பாருங்க

போன நவம்பரில் லவ்டேலில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, பேப்பர் படிக்க முடியாது. பகல் முழுக்க அவருக்குத் துணை ஒரு பழைய போன். அதில் கதை, வரலாறு, மருத்துவம் என்று இருநூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பாட்காஸ்ட் எபிசோடுகள் இருந்தன. வீடு இருக்கும் சரிவில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் தன் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து, கேபிள் மாட்டி போனில் ஏற்றிவிட்டுப் போவார்.

"புதுசா ரெண்டு கதை போட்டுக் கொடேன் கண்ணு" என்றார் பெரியம்மா. என் லேப்டாப்பில் மாட்டினேன். இந்தப் போன் வேறொரு கம்ப்யூட்டரோடு சேர்க்கப்பட்டது, இருப்பதை அழித்துவிட்டு ஏற்றட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. படிக்காமலே 'சரி' அழுத்திவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பழையது எல்லாம் காலி. திரும்ப டவுன்லோட் செய்யலாம் என்று தேடினால், சில தொடர்களே இணையத்தில் இல்லை. "பரவாயில்ல விடு" என்றார் பெரியம்மா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்று கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குப் பாட்காஸ்ட் ஏற்றுவதை 'சிங்க்' என்கிறோம், தமிழில் ஒத்திசைவு. இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நீங்களே சரிசெய்யலாம். வரிசையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்காஸ்ட் எப்படி உங்களிடம் வருகிறது?

ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. இதை 'ஃபீட்' என்பார்கள். எபிசோடின் பெயர், தேதி, ஆடியோ கோப்பு இருக்கும் முகவரி எல்லாம் அதில் இருக்கும். உங்கள் மென்பொருள் அவ்வப்போது அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் டவுன்லோட் செய்கிறது. பிறகு கேபிள் வழியாகப் போனுக்கு அனுப்புகிறது. 2005-ல் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட் வசதி வந்தபோது இருந்த அதே முறைதான் இன்றும்.

குன்னூரில் கிளம்பும் மலை ரயில் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி தாண்டித்தான் லவ்டேலுக்கு வரும். வண்டி வரவில்லை என்றால் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்றுதானே முதலில் கேட்போம்? இங்கேயும் அப்படித்தான். ஃபீட், டவுன்லோட், கேபிள், போன் என்று நான்கு ஸ்டேஷன்கள். எடுத்த எடுப்பில் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். சேர்த்து வைத்த பட்டியலும் அதோடு போய்விடலாம்.

ஸ்டேஷன் 1: ஃபீட். புது எபிசோட் பட்டியலிலேயே வரலை

• முதலில் 'ரிஃப்ரெஷ்' அழுத்துங்கள். தானாகவே புதுப்பிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

• எல்லாப் பாட்காஸ்டும் வரவில்லையா, ஒன்று மட்டும் வரவில்லையா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்த ஃபீடின் முகவரி மாறியிருக்கலாம், அல்லது தொடரே நின்றிருக்கலாம். அந்தப் பாட்காஸ்டின் வலைத்தளத்தில் புது முகவரி இருந்தால் எடுத்துச் சேருங்கள்.

• எதுவுமே வரவில்லை என்றால் இணைய இணைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், அடுத்துக் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைய முகவரிகளைக் கம்ப்யூட்டர் நம்பாது, ஃபீடும் திறக்காது. தேதியைத் திருத்தினால் உடனே வேலை செய்யும். அடிக்கடி இப்படி ஆனால் செல்லை மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் சி.ஆர்.2032 வகைதான், விலையும் குறைவு.

• ஐட்யூன்ஸில் ஒரு தொடரைப் பல நாள் கேட்காமல் விட்டால், புது எபிசோட் எடுப்பதை அது நிறுத்திவிடும். பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி தெரியும். அதை அழுத்தினால் மறுபடி தொடங்கும்.

ஸ்டேஷன் 2: டவுன்லோட். பாதியிலே நிக்குது

• முதலில் கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாக 128 கிலோபிட் தரத்தில் வரும் ஆடியோ நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. பிடிக்கும். அரைமணி நேர எபிசோட் என்றால் சுமார் 30 எம்.பி., நாற்பது எபிசோட் என்றால் 1.2 ஜி.பி. ஆகிவிடும்.

• போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து இணையம் எடுக்கிறீர்களா? அப்படியென்றால் 'எல்லா எபிசோடும் தானாக டவுன்லோட்' என்ற அமைப்பை அணைத்து வையுங்கள். ஒரு நாள் டேட்டா ஒரே மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள்.

• பாதியில் நின்ற கோப்பு ஓடினாலும் நடுவில் நின்றுவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு எடுக்காமல் ஒன்று அல்லது இரண்டு என்று குறைத்தால், மெதுவான இணைப்பிலும் முழுசாக வந்து சேரும்.

ஸ்டேஷன் 3: கேபிள். போன் மாட்டியும் கம்ப்யூட்டருக்குத் தெரியலை

• கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

• ஆண்ட்ராய்டு போன் என்றால் லாக்கைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யூ.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகிறது என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்றுங்கள்.

• ஐபோன் என்றால் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போனில் கேட்கும். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் சம்மதியுங்கள். 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக் கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் கிடையாது. போன் ஃபைண்டரில்தான் தெரியும். விண்டோஸில் 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியைப் போட்டிருந்தால், போனை அதில் தேடுங்கள்.

• ஆண்ட்ராய்டு போன் பென்டிரைவ் போல ஒரு டிரைவாக வராது. அதனால் சில சிங்க் மென்பொருள்களுக்குப் போன் கண்ணில் படாது. கவலை வேண்டாம். டவுன்லோட் ஆன கோப்புகளை நீங்களே காப்பி செய்து, போனில் உள்ள 'பாட்காஸ்ட்ஸ்' ஃபோல்டரில் போட்டுவிடலாம்.

ஸ்டேஷன் 4: போன். ஏத்தியாச்சு, ஆனா காணோம்

• 'பாட்காஸ்ட்ஸ்' ஃபோல்டரில் இருப்பதைச் சில பாட்டுச் செயலிகள் பாட்டாகக் கணக்கில் எடுக்காது. கோப்பு எங்கேயும் போகவில்லை. வி.எல்.சி. செயலியில் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'ஆன்டெனாபாட்' என்ற இலவசச் செயலியிலும் போனில் இருக்கும் ஃபோல்டரைச் சேர்க்கலாம்.

• கேட்டு முடித்த எபிசோட் தானாகக் காணாமல் போகிறதா? 'கேட்காதவை மட்டும்' அல்லது 'கடைசி ஐந்து மட்டும்' என்று சிங்க் அமைப்பில் இருக்கும். அதை மாற்றினால் போதும்.

• தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சில எபிசோடுகளின் பெயர் ஒரு முழு வாக்கியம் நீளம் இருக்கும். ஆண்ட்ராய்டு போனின் உள் நினைவகத்தில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட், 'கா' என்றால் துணைக்காலையும் சேர்த்து 6 பைட். ஐம்பது அறுபது எழுத்திலேயே இடம் நிரம்பிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரின் கணக்கு வேறு என்பதால் அங்கே ஒரு குறையும் தெரியாது. போனில் போடும்போதுதான் பிழை என்று வரும். பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள், ஏறிவிடும்.

கேபிள் மாட்டும் முன் இரண்டு காரியம்

ஒன்று, பட்டியலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்காஸ்ட் மென்பொருள்களில் நீங்கள் பின்தொடரும் தொடர்களை 'ஓ.பி.எம்.எல்.' என்ற சின்னக் கோப்பாக எடுக்கும் வசதி உண்டு. 'ஏற்றுமதி' அல்லது 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். அந்தக் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். 2024-ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி மூடப்பட்டபோது, பட்டியலை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றவோ ஓ.பி.எம்.எல். கோப்பாக எடுக்கவோ பயனாளர்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அப்படி எடுத்தவர்கள் வேறு செயலிக்குச் சுலபமாக மாறிக்கொண்டார்கள். செயலி போகலாம், பட்டியல் போகக்கூடாது.

இரண்டு, திரும்பக் கிடைக்காத எபிசோடுகளுக்குப் பிரதி எடுங்கள். ஓ.பி.எம்.எல். கோப்பில் முகவரி மட்டும்தான் இருக்கும், ஆடியோ இருக்காது. தொடரை நடத்துகிறவர் நிறுத்திவிட்டால் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. ஆகவே உங்களுக்கு முக்கியமான ஆடியோ கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரிலோ போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திரையில் 'அழி', 'மாற்றி எழுது', 'இரேஸ்' என்று எந்தச் சொல் வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். 'கேன்சல்' அழுத்தினால் எதுவும் கெட்டுப்போகாது.

யாரிடம் உதவி கேட்பது?

சிங்க் ஆகவில்லை என்று இணையத்தில் தேடும்போது "இந்த எண்ணுக்கு அழையுங்கள், உடனே சரிசெய்து தருகிறோம்" என்று விளம்பரங்கள் வரலாம். பாட்காஸ்ட் கோளாறைச் சரிசெய்ய யாருக்கும் ஓ.டி.பி. தேவையில்லை. வங்கி விவரம் தேவையில்லை. உங்கள் திரையை அவர் தூரத்தில் இருந்து இயக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

தெரிந்த ஒருவரிடம் உதவி கேட்கும்போதும் வெறுமனே "வரலை" என்று சொல்லாமல், எந்த ஸ்டேஷன் வரை வந்தது என்று சொல்லுங்கள். "பட்டியலில் தெரியுது, டவுன்லோட் ஆயிடுச்சு, போன் மட்டும் தெரியலை" என்றால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரியம்மா போன் என்னாச்சு என்று கேட்பீர்கள். அண்ணனின் கம்ப்யூட்டரில் பாதிக்கு மேல் எபிசோடுகள் அப்படியே இருந்தன. பொங்கலுக்கு வந்தவர் அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொடுத்தார். நின்றுபோன தொடர்களில் சில கிடைக்கவே இல்லை. இப்போது பெரியம்மா வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே டப்பாவில் ஒரு பென்டிரைவும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பாட்காஸ்டை நம்பி இருக்கும் பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.